ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

ரவை விலை ஏறிவிட்டது. மருந்து விலையும் ஏறிவிட்டது.

உப்புமாவை நினைத்துக் கவலைப்படும் தமிழ்நாட்டு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இது யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்லும் ரவை, துப்பாக்கிக்குள் போவது. மருந்தும் அப்படியே. தொண்டைக்குள் இறங்குவதைச் சொல்லவில்லை. தோட்டாவுக்குள் இறங்குவதைச் சொல்கிறேன். உயிரைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. அந்தச் சொல்லின் முழு அருமையும் தெரிய வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே முதல் மருந்தின் விலையைக் கேட்டு நோயாளி மயங்குவது பழைய செய்தி. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2022-இல் சட்டம் போட்டார்கள். அதுவும் மெடிகேர் காப்பீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும். இப்போது இரண்டாவது மருந்தின் விலையும் மயக்கம் தருகிறது. இதற்கு அழுகிற கூட்டம் வேறு. அந்தக் கூட்டத்தின் துக்கத்தை விசாரித்துவிட்டு வரலாம், வாருங்கள்.

அமெரிக்காவையே அங்கிள் சாம் என்று அழைக்கிறார்கள். ஆகவே நம் கதாநாயகருக்கு மாமா என்று பேர் வைப்போம். இவர் தனி ஆள் இல்லை, ஒரு ரகம். டெக்சஸிலும் இருப்பார், ஓஹையோவிலும் இருப்பார். வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் கார் நிற்காது. அங்கே கனத்த மேஜை ஒன்று, மேஜையில் திருகி இறுக்கிய கைப்பிடி இயந்திரம், சுவரில் கொடி, அலமாரி நிறைய டப்பாக்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்தாரானால், சாயங்காலம் அத்தை வந்து சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார்.

மாமா செய்வதற்கு ரீலோடிங் என்று பெயர். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல் பொறுக்கி வந்து, கழுவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதிய பிரைமர் பொருத்தி, மருந்து இட்டு, வாயில் ஈயத் தலையை வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா தயார். பழைய சேலையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய நம் பாட்டிகளின் சிக்கனம் இதில் தெரிகிறது. பாட்டி அந்தப் பாத்திரத்தில் பால் காய்ச்சினாள் என்பதுதான் வித்தியாசம்.

மாமா கணக்கில் புலி. கணினியில் ஒரு தாள் வைத்திருக்கிறார். அதில் நான்கு கட்டங்கள்: கூடு, பிரைமர், மருந்து, தலை. ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் என்று தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை போட்டு வைத்திருக்கிறார். நான்கு கட்டமும் ஏறிக்கொண்டே போகின்றன. இதுதான் அவருடைய ஒப்பாரி. ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

முதல் கட்டம், கூடு. இது அநேகமாக இலவசம். சுடும் மைதானத்தில் குனிந்து பொறுக்கினால் கிடைக்கும். வெட்கப்படாதவர்களுக்குப் பக்கத்து ஆள் சுட்டதும் கிடைக்கும். புதிதாக வாங்க வேண்டுமானால்தான் தொல்லை. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். செம்பு உலகச் சந்தையில் ஏறியது போதாதென்று, பாதி வேலை முடிந்து இறக்குமதியாகும் செம்புச் சரக்குகளுக்கு 2025 ஆகஸ்ட் முதல் அமெரிக்க அரசே 50 சதவீத வரி போட்டது. வரி போட்டவரின் பேரை மாமா தொப்பியிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார். ஆகவே இந்த விலையேற்றத்துக்கு மட்டும் அவர் அழுவதில்லை. தேசபக்தியாக நினைத்து விழுங்கிக்கொள்கிறார்.

இரண்டாவது கட்டம், பிரைமர். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துப் பட்டுப் பட்டென்று அடிக்கும் பொட்டுக் கேப்பின் பெரியண்ணன். சுத்தியல் இதன்மேல் விழுந்தால்தான் மருந்து பற்றும். ஆயிரம் பிரைமர் கொண்ட பெட்டி 2019-இல் ஏறத்தாழ 30 டாலருக்குக் கிடைத்தது. 2021-இல் 100 டாலரை நீட்டினாலும் கடைக்காரர் கையை விரித்தார். இப்போது அலை வடிந்து 60, 70, 80 என்று அங்கங்கே நிற்கிறது. பழைய விலை திரும்பி வரவில்லை. அந்த நாட்டில் பிரைமர் என்றதும் கடைக்காரர் எடுத்து வைக்கும் உள்நாட்டுப் பேர்கள் நான்கு: சிசிஐ, பெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். இந்த நாலு பேரில் மூன்று ஒரே பையில் இருக்கின்றன. அந்தப் பை யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். மாமாவுக்கு நெஞ்சுவலி வந்துவிடக் கூடாது.

மூன்றாவது கட்டம், மருந்து. புகையில்லா மருந்துக்கு மூலம் பருத்தி. பாசெல் நகர வேதியியலர் கிறிஸ்டியன் ஷோன்பைன் 1840-களில் சமையலறையில் அமிலத்தைக் கொட்டிவிட்டு, மனைவியின் பருத்தித் துணியால் துடைத்து அடுப்பருகே காயப்போட்டாராம். துணி ஒரே நொடியில் பற்றி மறைந்ததாம். இப்படியொரு கதை வழங்குகிறது. மனைவி இல்லாத நேரத்தில் அடுப்படிக்குள் நுழையும் ஆண்களால் உலகத்துக்கு வந்த கேடுகளில் இது முதன்மையானது.

இன்று அந்தப் பருத்திச் சிம்புக்கு ஐரோப்பிய ஆலைகள் பெருமளவு சீனாவை நம்பியிருக்கின்றன. போதாக்குறைக்கு உக்ரைன் போர். போருக்கு முன் மாதம் 14,000 என்ற அளவில் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு செய்துகொண்டிருந்த அமெரிக்கா, மாதம் ஒரு லட்சம் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தது. மாமாவின் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அரை கிராம் மருந்துகூட வேண்டாம். பீரங்கிக்குக் கிலோக் கணக்கில் வேண்டும். யானை தண்ணீர் குடிக்க வந்தால் தவளைக்கு என்ன மிஞ்சும்? 2023 இறுதியில், தோட்டா தயாரிக்கும் விஸ்டா அவுட்டோர் நிறுவனம் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதியது: உலக நிலவரத்தால் மருந்துத் தட்டுப்பாடு வருகிறது, புத்தாண்டு முதல் விலை ஏறுகிறது. 25, 30 டாலருக்கு வாங்கிய ஒரு பவுண்டு டப்பா இன்று 40-ஐத் தாண்டி 50, 60 என்று நிற்கிறது. மாமா உச்சிமுகர்ந்து வாங்கும் வார்கெட் மருந்து ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகிறது. இன்னொன்று கனடாவின் கியூபெக்கிலிருந்து. மற்றொன்று பின்லாந்திலிருந்து. வெளிநாட்டான் படையெடுத்து வந்தால் சொந்த மண்ணைக் காக்க மாமா அடுக்கி வைத்திருக்கும் மருந்து முழுவதும் வெளிநாட்டான் கப்பலில் அனுப்பியது.

நான்காவது கட்டம், தலை. உள்ளே ஈயம், மேலே செம்புச் சட்டை. ஈயத்தைக் கெட்டிப்படுத்த ஆன்டிமணி வேண்டும். பிரைமருக்கும் அது வேண்டும். உலக ஆன்டிமணியில் பெரும்பங்கு சீனாவிடம். 2024 டிசம்பரில் சீனா அமெரிக்காவுக்கு அதை விற்க மாட்டேன் என்றது. விலை மரத்தில் ஏறிக்கொண்டது. ஈயத் தாதுவை உருக்கும் அமெரிக்காவின் கடைசி ஆலை, மிசூரி மாநிலம் ஹெர்குலேனியத்தில் இருந்தது, 2013 இறுதியில் மூடப்பட்டது. சில மாமாக்கள் பழைய ஈயத்தை வாங்கிக் கொட்டகையிலேயே உருக்கி ஊற்றிக்கொள்கிறார்கள். அந்த ஈயத்தூள் செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் போகிறது. தவழும் பேரப்பிள்ளையின் கைக்குப் போகிறது. கையிலிருந்து வாய்க்குப் போகிறது. குழந்தையின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் தெரிந்தாலே கவனிக்க வேண்டும் என்று அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2021-இல் அளவைக் குறைத்தது. இந்த ஈயத்துக்கு மாமாவின் தாளில் கட்டம் இல்லை. இப்படி இல்லாத கட்டங்களைத் தேடித்தான் நாம் போகிறோம்.

கடைசியாகச் சுமைகூலி. பிரைமரும் மருந்தும் அபாயச் சரக்கு; வீட்டுக்கு அனுப்பக் கூரியர்காரர் தனிக் கட்டணம் வாங்குகிறார். இருபது, முப்பது டாலர், சமயத்தில் அதற்கும் மேல். ஒரு டப்பா வாங்கினாலும் பத்து டப்பா வாங்கினாலும் ஒரே கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கட்டணத்தை நியாயப்படுத்துவதற்காகவே மாமா பத்து டப்பா வாங்குகிறார்.

கூட்டிப் பார்ப்போம். சாதாரண 9 மில்லிமீட்டர் தோட்டாவை மாமா கைப்படச் செய்தால் 20 சென்டுக்குச் சற்று மேல் அடங்குகிறது. கடையில் ஆலைத் தோட்டா சில நேரம் 23, 24-க்குக் கிடைக்கிறது. மிச்சம் மூன்று சென்ட் என்று வையுங்கள். இயந்திரம், தராசு, தட்டுமுட்டு எல்லாம் சேர்த்து 600 டாலர் என்றால், போட்ட முதலை எடுக்கவே 20,000 தோட்டா சுட்டாக வேண்டும். மாமாவின் மணிக்கூலியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அத்தை விவாகரத்துக்குப் போய்விடுவார். பெரிய ரைபிள் தோட்டாக்களில் இன்னும் மிச்சம் உண்டு என்று மாமா வாதாடுவார், உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலில் பழுத்தவர்களே ஒரு ஜோக் சொல்வார்கள்: ரீலோடிங்கில் காசு மிச்சமாகாது, அதே காசுக்கு இன்னும் அதிகமாகச் சுடலாம், அவ்வளவுதான்.

சரி, விலை ஏன் ஏறியது? சீனா, உக்ரைன், செம்பு, வரி எல்லாம் ஊறுகாய். இலையில் சோறு வேறு. சோற்றுக்குப் பெயர் பயம்.

2008-இல் ஒபாமா வென்றார். துப்பாக்கியைப் பிடுங்க வருகிறார் என்று வதந்தி பரவியது, தோட்டா மறைந்தது. எட்டு ஆண்டுகளில் அவர் பிடுங்கவில்லை. தேசியப் பூங்காக்களுக்குள்ளும் துப்பாக்கி கொண்டுபோகலாம் என்ற பிரிவு அடங்கிய சட்டத்தில் 2009-இல் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அதைப் பற்றி மாமாவிடம் சொன்னால் காதில் விழாது. சுட்டுச் சுட்டுக் காது மந்தமாகிவிட்டது. 2016-இல் டிரம்ப் வென்றார். பிடுங்க ஆள் இல்லை என்றதும் பயம் தணிந்தது. பயம் தணிந்ததும் விற்பனை படுத்தது. தங்கள் ஆள் அரியணையில் இருந்த 2018 மார்ச்சில், இருநூறு ஆண்டுப் பழமையான ரெமிங்டன் மஞ்சள் கடுதாசி நீட்டியது. எதிரி ஆண்டால் லாபம், நண்பன் ஆண்டால் திவால். இப்படி ஒரு வியாபாரம் எமனுக்குக்கூடத் தோன்றியிருக்காது.

பிறகு 2020. கொள்ளைநோய், போராட்டம், தேர்தல் மூன்றும் ஒரே ஆண்டில். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விசாரிக்கும் அரசின் கணினிக்கு அந்த ஆண்டில் வந்த விண்ணப்பங்கள் 3 கோடியே 96 லட்சத்துக்கு மேல். மற்ற நாடுகளில் கழிவறைக் காகிதம் பதுக்கினார்கள். அங்கே காகிதத்தோடு பிரைமரையும் பதுக்கினார்கள். ஜனத்தொகையைவிடத் துப்பாக்கித் தொகை அதிகம் உள்ள நாடு அது; நூறு பேருக்கு 120 துப்பாக்கி என்று ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018-இல் கணக்குச் சொன்னது. அத்தனை துப்பாக்கியும் ஒரே நாளில் பசிக்கிறது என்று வாயைத் திறந்தால் எந்த ஆலை தாங்கும்? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். மாமாக்கள் பந்திக்கு முந்தியே பழகியவர்கள். அவர்கள் ஆயிரம் ஆயிரமாக அடுக்கியது எந்தப் படைக்கு என்பது இன்றுவரை தெரியவில்லை. ஒருவர் அடுக்குவதைப் பார்த்து இன்னொருவர் அடுக்கினார். அதைப் பார்த்து விலை ஏறியது. விலை ஏறுவதைப் பார்த்து மூன்றாமவரும் அடுக்கினார். தட்டுப்பாட்டை உண்டாக்கியவர்களே கடைவாசலில் வரிசையில் நின்று தட்டுப்பாட்டைத் திட்டினார்கள்.

அந்தப் பருவமழையில் அறுவடை செய்தவர் யார்? 2020-இல் ரெமிங்டன் இரண்டாம் முறை திவாலானபோது அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் 8 கோடியே 14 லட்சம் டாலருக்கு அள்ளியது. 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் விஸ்டாவின் மொத்த விற்பனை 300 கோடி டாலரைத் தாண்டியது. கைநிறையக் கொழுத்த பிறகு, பெடரல், சிசிஐ, ஸ்பீர், ரெமிங்டன் என்ற தன் தோட்டாப் பிரிவு முழுவதையும் 222 கோடியே 50 லட்சம் டாலருக்கு 2024 நவம்பரில் விற்றுக் கைகழுவியது. யாருக்கு? செக் நாட்டின் செக்கோஸ்லோவாக் குழுமத்துக்கு. நான் பிறகு சொல்கிறேன் என்ற பை இதுதான். அப்போது செனட்டராக இருந்த ஜே.டி. வான்ஸ் தேசப் பாதுகாப்பு என்று கடிதம் எழுதிப் பார்த்தார், விற்பனை நடந்தது. அரசு அடக்குமுறையை எதிர்த்து நிற்க மாமா கொட்டகையில் சேர்க்கும் ஒவ்வொரு சிசிஐ பிரைமருக்கும் ஒரு பங்கு லாபம் பிராகாவுக்குப் போய்ச் சேருகிறது. சுதந்திரத்தின் விலை என்று ஒன்று உண்டு அல்லவா? அதைச் செக் நாட்டில் வசூலிக்கிறார்கள்.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பது நம் பழமொழி. அந்த நாட்டில் அது பழமொழியாக இல்லை, பொருளாதாரமாக இருக்கிறது. ஆலைத் தோட்டா வாங்குபவனைப் பார்த்து ரீலோடிங்காரர் ஏமாளி என்று இளிக்கிறார். பதுக்கியவனைப் பார்த்துப் பதுக்க முடியாதவர் பேராசைக்காரன் என்று இளிக்கிறார். அவர்கள் எல்லாரையும் பார்த்து முதலாளி இளிக்கிறார். அவர் இளிப்புக்கு மட்டும் காரணம் இருக்கிறது. ஒரு தோட்டாவுக்குள் ஈயமும் பித்தளையும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இளிப்பது யாரைப் பார்த்து என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

அரசாங்கம் இல்லையா, சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்த நாட்டின் பல மாநிலங்களில் அடுத்தவர் தலைமுடியை வெட்ட ஆயிரம் மணி நேரம் படித்து உரிமம் வாங்க வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்து அடுத்தவர் தலைக்கே உரிய சாமானைச் செய்ய, சொந்த உபயோகத்துக்கு என்றால், நாட்டுச் சட்டம் உரிமம் கேட்பதில்லை, விற்றால்தான் கேட்கும். தீயணைப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பு ஒன்று, வீட்டில் 20 பவுண்டு மருந்தும் 10,000 பிரைமரும் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லை கட்டியிருக்கிறது. அதாவது வீடு எரிந்தால் அண்டை வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்பதை யோசித்திருக்கிறார்கள். வீடு எரியாமல், அந்தச் சாமான் வேலை செய்யவேண்டியபடியே வேலை செய்தால் என்ன ஆகும் என்பது தீயணைப்புத் துறையின் கவலை இல்லை. 1968-இல் தோட்டா வாங்குகிறவன் பேரைக் கடைக்காரர் கணக்கேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. 1986-இல் அதை நீக்கினார்கள். தபாலில் தோட்டா வாங்கவும் வழி திறந்தது. பேர் எழுதும் காகிதச் செலவாவது மிச்சம்.

விலை ஏறட்டும், நல்லதுதானே என்று நினைக்கும் நல்லவர்களும் உண்டு. செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிகன் 1993-இல் கொடூரமான சில ரகத் தோட்டாக்களுக்கு 10,000 சதவீத வரி போடலாம் என்றார். நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் 1999-இல் மேடையேறி, ஒரு தோட்டா ஐயாயிரம் டாலர் என்றால் வேடிக்கை பார்த்தவன் சாக மாட்டான், சுடுகிறவன் யோசித்துச் சுடுவான் என்ற பொருளில் பேசிச் சிரிக்க வைத்தார். இருவருக்கும் ஒரே நம்பிக்கை: கொல்கிறவன் விலை பார்ப்பான்.

பார்ப்பானா? 2021-இல் அந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். பிரைமர் நூறு டாலருக்கும் கிடைக்காத அதே ஆண்டு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அதற்கு எத்தனை தோட்டா வேண்டும்? ஆயிரம் கொண்ட பெட்டி எதற்கு? அலமாரியில் முன்பே வாங்கி வைத்திருந்ததே போதும்.

2022 மே மாதம், டெக்சஸ் மாநிலம் யுவால்டே. பதினெட்டு வயது நிரம்பிய கையோடு ஒருவன் 1,740 தோட்டாவுக்கு ஆர்டர் கொடுத்தான். விலை 1,761 டாலர் 50 சென்ட். வீட்டு வாசலில் வந்து இறங்கியது. மாநிலச் சட்டமன்ற விசாரணைக் குழுவின் அறிக்கையில் சென்ட் பிசகாமல் இந்தக் கணக்கு இருக்கிறது. தோட்டா ஒன்று ஒரு டாலர்! மாமா கேட்டிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பையன் பேரம் பேசவில்லை. மே 24 அன்று ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தார்கள். சட்டம் ஒழுங்கு காக்க வந்து சேர்ந்தவர்கள் 376 பேர். அவர்கள் இடுப்பிலும் தோளிலும் இருந்த தோட்டாக்களின் விலையை எந்த அறிக்கையும் கூட்டிச் சொல்லவில்லை. 77 நிமிடம் அவை செலவாகாமல் பத்திரமாக இருந்தன. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்.

கூடு பொறுக்குவதைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். மாமாவைவிடக் கவனமாகப் பொறுக்குகிறவர்கள் உண்டு. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியின் தரையில் கிடந்ததைப் போலீஸ்காரர்கள் ஒவ்வொன்றாக எண் போட்டுப் பொறுக்கினார்கள். அங்கே ஒருவன் கொண்டுவந்த ரைபிள் ஐந்து நிமிடத்துக்குள் துப்பியது 154. தோட்டாவுக்கு ஐம்பது சென்ட் என்று தாராளமாக வைத்தாலும் 77 டாலர். எழுபத்தேழு டாலருக்கு ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் இருபது பேர், பெரியவர்கள் ஆறு பேர். மாமாவின் தாளில் போட்டால் தலைக்கு மூன்று டாலருக்கும் கீழே வரும். இதைவிட மலிவாக எந்த நாட்டில் எதைச் செய்ய முடியும்? விலை ஏறிவிட்டது என்கிறார்களே, என்ன ஏறியிருக்கிறது?

அந்தச் சாவுக்கு மாமாக்கள் எப்படித் துக்கம் கொண்டாடினார்கள் தெரியுமா? கடைக்கு ஓடினார்கள். அந்த டிசம்பரில் மட்டும் பின்னணி விசாரணை விண்ணப்பங்கள் 27 லட்சத்துக்கு மேல். அதுவரை எந்த மாதமும் காணாத எண்ணிக்கை. குழந்தைகளின் சவப்பெட்டி மண்ணுக்குள் இறங்குவதற்குள் தோட்டாப் பெட்டிகள் அலமாரியிலிருந்து இறங்கிவிட்டன. சின்ன .22 தோட்டாகூட ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை. எங்கே அரசு வெட்கப்பட்டு ஏதாவது செய்துவிடுமோ என்ற பயம். அரசு வெட்கப்படவில்லை. விலை மட்டும் ஏறியது.

மாமாவின் தாளில் இல்லாத அந்த ஐந்தாவது கட்டத்துக்கு வருவோம். கூடு, பிரைமர், மருந்து, தலை. பிறகு தோட்டா போய்ச் சேரும் இடம். அந்தக் கட்டத்தை யாருமே நிரப்பவில்லை என்று சொல்ல முடியாது. 2012 ஜூலையில் கொலராடோ மாநிலம் அரோராவில் ஒரு திரையரங்கில் 12 பேரைச் சுட்டுக் கொன்றவன், ஆயிரக்கணக்கில் தோட்டாக்களை இணையத்தில் வாங்கியிருந்தான். யார் எவர் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே மகளைப் பறிகொடுத்த பெற்றோர், விற்றவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். பணம் கேட்கவில்லை, விற்கும் முறையை மாற்றுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஆயுதமும் தோட்டாவும் விற்பவர்களைக் காக்க 2005-இல் நாடாளுமன்றம் கட்டிய மதில் ஒன்று இருக்கிறது. அப்போது மாநிலத்தின் மதில் இன்னொன்றும் இருந்தது. வழக்கு இரண்டிலும் மோதி விழுந்தது. 2015-இல் நீதிமன்றம் கணக்கு முடித்தது: தோட்டா விற்றவர்களின் வக்கீல் செலவு 2 லட்சம் டாலருக்கு மேல். அதைக் கட்ட வேண்டியது, மகளை இழந்த அந்தப் பெற்றோர்.

ஆகவே ஐந்தாவது கட்டத்தில் தொகை இருக்கிறது, மாமா. ரசீது உங்கள் பேரில் வராததால் நீங்கள் பார்க்கவில்லை.

மருந்து விலை ஏறியதற்கு என் அனுதாபங்கள். தோட்டாவுக்கு மூன்று சென்ட் மிச்சம் பிடித்தீர்களே, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.